நீல மண்டலங்கள் எங்கே போயின?



பழமையை ஆராய்வோருள் வானவியலாருக்கு மட்டும் ஒரு தனிப்பேறு வாய்த்திருக்கின்றது. அனுராதபுரத்து இடிபாடுகளை அகழ்ந்து பார்க்கும் வரலாற்றாசிரியர், உடைந்த ஓட்டையும் தேய்ந்த எழுத்தையும் துணைக்கொண்டே அக்காலத்து மக்களை ஊகித்தறிய வேண்டியவராகின்றார். அம்மக்களை அவர் ஒருபோதும் நேரிற் காணப் போவதில்லை. வானவியலாரோ கடந்த காலத்தைக் கண்ணாலேயே காண்கின்றார். ஒளி எத்துணை விரைந்து சென்றாலும் அதற்கும் பயணநேரம் என ஒன்று உண்டு. செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும் ஒளி, ஞாயிற்றிலிருந்து நம்மை வந்தடைய 8 நிமிடங்களுக்குச் சற்று மேலாகின்றது. அந்திரொமீடா என்னும் விண்மீன் மண்டலத்திலிருந்து வருவதற்கோ ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, தூரத்தை நோக்குதல் என்பது காலத்திற் பின்னோக்கிச் செல்லுதலேயாகும்.

இவ்வசதியைக் கொண்டு, விண்மீன் மண்டலங்கள் எவ்வாறு வளர்ந்து, எவ்வாறு முதுமையடைகின்றன என்பதை அறிய மேற்கொள்ளப்பட்ட முயற்சியொன்றின் கதையையே இன்று சொல்ல எண்ணுகிறேன். கதை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இதிலே ஒரு மறைவு இருக்கின்றது. அதற்குக் காரணமானவர் யார் என்ற ஐயம் இருக்கின்றது. சாட்சிகள் ஒருவரோடொருவர் முரண்படவும் செய்கின்றனர்.

முதலில் அரங்கத்தை அறிமுகஞ் செய்ய வேண்டும். நமது ஞாயிறு உட்பட, ஏறத்தாழப் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் சேர்ந்தது பால்வீதி என்னும் நமது மண்டலம். இவ்வாறான மண்டலங்கள் வானிற் கணக்கற்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றை இரு குலங்களாகப் பிரித்துவிடலாம். ஒன்று சுருள் மண்டலம். அதிலே குளிர்ந்த வாயு நிறைந்திருக்கும். அவ்வாயுவிலிருந்து புதிய விண்மீன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கும். அதனால் அது நீலநிறமாய்த் தோன்றும். மற்றையது நீள்வட்ட மண்டலம். அதற்கு நெருங்கிய உறவாய், தட்டையான வடிவுடையதாயினும் சுருட்கைகள் இல்லாத வில்லை மண்டலமும் உண்டு. இவற்றிலே பிறப்பு நின்று நெடுங்காலமாயிற்று, இவை சிவந்திருக்கும். நீலமும் சிவப்பும் இங்கு வெறும் அழகுக்கானவை அல்ல. மிகப் பெரிய விண்மீன் மிகுந்த வெப்பத்தோடு நீலமாய் எரியும். தன் செல்வத்தையெல்லாம் விரைந்து செலவழித்துச் சில கோடி ஆண்டுகளுக்குள் மாண்டுபோகும். சிறிய விண்மீனோ சிக்கனமாய், சிவந்த ஒளியோடு, ஆயிரங்கோடி ஆண்டுகள் வாழும். எனவே ஒரு மண்டலம் நீலமாய் இருக்கின்றதென்றால், அங்கே அண்மைக்காலத்திலும் விண்மீன்கள் பிறந்தன என்பது பொருள். சிவந்திருக்கின்றதென்றால் அங்கே தொட்டில்கள் வெறுமையாயின.

மண்டலங்கள் தனித்தும் வாழ்கின்றன, கூடியும் வாழ்கின்றன. சித்திரை, வைகாசி மாத முன்னிரவுகளில் நம் தலைக்கு மேலாக உத்தர நட்சத்திரம் நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அதற்குக் கிழக்கே, வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லாத வெளி போலத் தோன்றும் இடத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்ட மண்டலங்கள் ஒன்றையொன்று ஈர்த்தபடி திரண்டு நிற்கின்றன. அதற்குக் கன்னிக் கொத்து என்று பெயர். அதன் தூரம் ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டு. அதற்கப்பால், 30 கோடி ஒளியாண்டுக்கு மேற்பட்ட தூரத்தில், கோமாக் கொத்து என்பது இருக்கின்றது. அது இன்னும் நெருக்கமானது.

இக்கொத்துகளின் உள்ளே ஒரு விந்தை காணப்படுகின்றது. வெளியிலே தனித்து வாழும் பெரிய மண்டலங்களுட் பெரும்பான்மையானவை சுருள் மண்டலங்கள். ஆனால் கோமாக் கொத்தின் நெருக்கமான நடுப்பகுதியில் நீலச் சுருளைக் காண்பது அரிது. எங்கும் சிவந்த முதியோர் கூட்டமே. 1931ஆம் ஆண்டிலேயே எட்வின் ஹபிளும் மில்ற்றன் ஹியூமசனும் இதனைக் குறித்திருந்தனர். 1980ஆம் ஆண்டில் அலன் திரெசிலர் 55 கொத்துகளையும் அவற்றில் ஏறத்தாழ 6,000 மண்டலங்களையும் ஆராய்ந்து, இது ஒழுங்கான ஒரு விதியைப் பின்பற்றுவதைக் காட்டினார். நெருக்கம் கூடக்கூடச் சுருள்கள் குறைகின்றன. நீள்வட்டங்களும் வில்லைகளும் பெருகுகின்றன.

இங்கேதான் வினா எழுகின்றது. கொத்திலே பிறந்தவை பிறவியிலேயே அவ்வாறு பிறந்தனவா? அல்லது சுருளாய்ப் பிறந்து, கொத்துக்குள்ளே வந்து அகப்பட்டபின், சூழ்நிலையின் கொடுமையால் அவ்வாறாயினவா? பிறப்பா, வளர்ப்பா என்று மனிதரைப் பற்றி நாம் முடிவின்றி வாதிப்பது போன்ற வழக்கே இது. ஆனால் மனிதரைப் பற்றிய வழக்கிலே நமக்கில்லாத ஒரு சான்று இங்குக் கிடைக்கும். வெகு தூரத்துக் கொத்து ஒன்றைப் பார்த்தால், அதன் உறுப்பினர் இளமையில் எவ்வாறிருந்தனர் என்பதைக் காணலாம் அன்றோ?

இவ்வினாவைச் சிறுபொருளாக எண்ணிவிடலாகாது. 1960களில் அண்டத்தின் விரிவு வேகம் காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றது என்பதை அளக்க முயன்றோர், கொத்துகளிலுள்ள மிகப் பிரகாசமான நீள்வட்ட மண்டலங்களையே அளவுகோலாகக் கொண்டிருந்தனர். அவை என்றும் ஒரே அளவான ஒளியுடையன என்பது அவர்கள் நம்பிக்கை. நியூசிலாந்தில் வளர்ந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த பியற்றிஸ் ரின்ஸ்லி என்ற இளம் பெண்மணி, விண்மீன்கள் முதுமையடைய மண்டலத்தின் ஒளியும் மாறியே தீரும், ஆதலால் அந்த அளவுகோல் தானே சுருங்கும் அளவுகோல் என்று கணக்கிட்டுக் காட்டினார். பெரியோர் பலருக்கு அது சுவைக்கவில்லை. 1981இல், நாற்பதாவது வயதில் அவர் காலமானார். அதற்குள் அவர் கூற்றே நிலைத்துவிட்டது. அண்டத்தின் விரிவைப் பற்றிய அவ்வினாவுக்கு 1998இல் வேறொரு வழியாக, வெடித்துச் சிதறும் விண்மீன்களைக் கொண்டு விடை கண்டார்கள். மண்டலங்களின் வளர்ச்சியோ தனியொரு துறையாய் நிலைபெற்றது.

இனி, தூரத்து மண்டலத்தை எவ்வாறு ஆராய்வது? தொலைகாட்டியிலே அது ஒரு மங்கற் புள்ளி. வடிவமும் தெளிவாய்த் தெரியாது. அதன் ஒளியைப் பிரித்துப் பார்ப்பதே வழி. ஒளியை அரியத்தின் ஊடாகச் செலுத்தினால் வானவில்லின் நிறங்கள் விரியும் என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். அந்நிறமாலையை நுணுகிப் பார்த்தால், ஆங்காங்கே கரிய கோடுகளும் சில வேளைகளில் ஒளிமிகுந்த கோடுகளும் தென்படும். ஞாயிற்றின் நிறமாலையில் அக்கரிய கோடுகளை யோசப் பிரௌன்கோபர் என்னும் ஜேர்மானியக் கண்ணாடித் தொழிலாளி 1814இல் வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு மூலகமும் தனக்கென வகுக்கப்பட்ட இடங்களிலேயே கோடிடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவை ஒவ்வொன்றினதும் கையொப்பம் எனலாம்.

நமது கதைக்கு வேண்டியவை மூன்றே கையொப்பங்கள். முதலாவது, கல்சியத்தின் இரு கரிய கோடுகள்; 393.4, 396.8 நனோமீற்றர் அலைநீளங்களில் இருப்பன. இவை முதிய விண்மீன்களின் அடையாளம். இரண்டாவது, 372.7 நனோமீற்றரில் ஒட்சிசன் இடும் ஒளிக்கோடு. புதிதாய்ப் பிறந்த நீல விண்மீன்கள் தம்மைச் சூழ்ந்த வாயுவைச் சூடாக்கும்போது இது எழுகின்றது. இக்கோடு தோன்றினால் பெரும்பாலும் அடுப்பு எரிகின்றது என்று கொள்ளலாம். மூன்றாவது, ஐதரசனின் கரிய கோடுகள், அவற்றுள் 410.2 நனோமீற்றரில் உள்ளது சிறப்பானது. இக்கோடுகள் மிக ஆழமாய் விழுவது, 'ஏ' வகை எனப்படும் வெண்ணிற விண்மீன்களில். நம் வானில் அபிசித்தும், சிரியசும் அவ்வகையின. இந்த மூன்றாவதே பின்னர் கதையின் முடிச்சாகப் போகின்றது. அதனை நினைவிற் கொள்க.

அண்டம் விரிவதால், தூரத்துப் பொருளின் கோடுகள் யாவும் சிவப்புப் பக்கமாய் நகர்ந்து தோன்றும். எவ்வளவு நகர்ந்தன என்பதைக் கொண்டு தூரம் அறியலாம். இதனை அளப்பது அக்காலத்தில் எத்துணைப் பொறுமைக்குரிய வேலை என்பதை இன்றுள்ளோர் எண்ணிப் பார்ப்பதும் கடினம். முன்பு சொன்ன ஹியூமசன், கலிபோர்ணியாவின் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றிச் சென்றவர். பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். ஆய்வுநிலையத்திற் கூட்டித் துடைக்கும் வேலையிற் சேர்ந்து, படிப்படியாய் உயர்ந்து, உலகம் மதிக்கும் வானவியலாளரானார். ஒரே ஒளித்தகட்டை இரவுக்கிரவு பல இரவுகள் தொடர்ந்து ஒளிபடவிட்டு, குளிரில் அமர்ந்து, புள்ளி பிளவை விட்டு விலகாமல் கண்ணாலேயே காத்தார். பட்டம் பெற்றோர் பலர் செய்யாததை அவருடைய பொறுமை செய்தது.

இனிக் கதையின் முக்கிய இடத்திற்கு வருவோம். சுவாதி என்று நாம் வழங்கும் விண்மீன் ஐரோப்பியர் பூட்டீஸ் என்னும் தொகுதியைச் சேர்ந்தது. அத்தொகுதியின் வடகோடியில், வானொலி அலைகளைப் பலமாக வீசும் பொருளொன்று உண்டு. இப்பேச்சை உங்களிடம் கொண்டுவரும் அலைகளின் இனத்தவைதாம் அவையும். கேம்பிரிட்ஜ் அறிஞர் தம் மூன்றாவது பட்டியலில் அதற்கு இட்ட எண் 295. 1960இல், ருடோல்ப் மின்கோவ்ஸ்கி என்பவர் பலோமார் மலையிலுள்ள 5 மீற்றர் தொலைகாட்டியை அதன்பால் திருப்பினார். நாற்சியரின் ஆட்சியால் ஜேர்மனியை விட்டு வெளியேறி 1935இல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர் அவர். ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். அவருக்கு நிறமாலையிற் கிடைத்தது ஒரேயொரு ஒளிக்கோடு, பச்சை நிறத்தில். அதனை ஒட்சிசனின் 372.7 நனோமீற்றர்க் கோடு என்று அவர் துணிந்தார். கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கடந்த ஒளி, வழியிலே நீண்டு நீண்டு, பச்சையாய் வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வோர் அலையும் 46 வீதம் நீண்டிருந்தது. ஒற்றைக் கோட்டை நம்பி அவ்வளவு பெரிய முடிவுக்கு வருவது துணிச்சலே. ஆனால் அவர் சொன்னது சரியாயிற்று. மண்டலங்களின் தூரத்தில் அது நெடுங்காலம் முறியாத சாதனையாய் நின்றது. அவ்வொளி புறப்பட்டு இன்றைக்கு ஏறத்தாழ 480 கோடி ஆண்டுகள்; பூமி உருவாவதற்கும் முந்திய காலம்.

அந்த மண்டலத்தைச் சூழ்ந்து ஒரு கொத்து இருந்தது. 1978இல் ஹார்வி புச்சர், அகஸ்டஸ் ஓம்லர் என்னும் இருவர் அக்கொத்தையும், அதனை ஒத்த மற்றொரு கொத்தையும் நிறவடிகள் வைத்து அளந்தனர். எல்லாரும் எதிர்பார்த்தது கோமாவைப் போன்ற சிவந்த கூட்டத்தை. அவர்கள் கண்டதோ அங்கே நீல மண்டலங்கள் தாராளமாய் இருப்பதை. 1984இல் 33 கொத்துகளை ஆராய்ந்து, அண்மைக் கொத்துகளில் நூற்றுக்கு ஒரு சிலவாயிருக்கும் நீல மண்டலங்கள், 400 கோடி, 500 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐந்தில் ஒன்றாகவும் நான்கில் ஒன்றாகவும் இருந்தன என்று அவர்கள் அறிவித்தனர். அப்படியானால், அந்த நீல மண்டலங்கள் எங்கே போயின?

பலர் இதை நம்பவில்லை. அவர்கள் மறுப்பிலும் நியாயம் இருந்தது. வானம் ஆழமானது. கொத்தின் திசையிற் பார்க்கும்போது, அதற்கு முன்னாலும் பின்னாலும் தனித்து நிற்கும் மண்டலங்களும் அதே பார்வையில் விழும். திருவிழாக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து படம் பிடித்தால், வீதியால் தம் வேலைக்குப் போகிறவர்களும் அடியார்களாய்த் தோன்றுவது போல. புச்சரும் ஓம்லரும் சராசரிக் கணக்கால் அவ்வழிப்போக்கரைக் கழித்திருந்தனர். ஆனால் கணக்கிற் கழிப்பது வேறு. ஒவ்வொருவராய் நிறுத்தி, நீர் எவ்வூரவர் என்று கேட்பது வேறு. கேட்பதற்கு நிறமாலை வேண்டும்.

அவ்வேலையைத் திரெசிலரும் யேம்ஸ் கன்னும் பலோமாரில் மேற்கொண்டனர். 295 எண் கொத்தின் மண்டலங்களை 1982, 1983ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் அவர்கள் விவரித்தனர். நீலமானவற்றுட் சில உண்மையிலேயே வழிப்போக்கர்தாம். மறுத்தோர் முற்றிலும் பிழைபட்டவரல்லர். ஆனால் கொத்தைச் சேர்ந்த நீல மண்டலங்களும் இருந்தன. அவற்றிற் சிலவற்றின் நடுவே, கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் வாயுவின் அடையாளம் தெரிந்தது. வேறு சில அதனினும் விசித்திரமாயிருந்தன. அவற்றின் நிறமாலையில் ஒட்சிசன் ஒளிக்கோடு இல்லை; கல்சியக் கோடுகள் இருந்தன; அவற்றோடு ஐதரசனின் கரிய கோடுகள் ஆழமாய் விழுந்திருந்தன.

இதன் பொருள் என்ன? ஒட்சிசன் கோடு இல்லாமையால், அங்கே இப்பொழுது விண்மீன்கள் பிறப்பதில்லை. கல்சியக் கோடுகளால், முதியோர் கூட்டம் ஒன்று அங்கே உண்டு. ஐதரசன் கோடுகளால், வெண்ணிற விண்மீன்கள் ஏராளம். வெண்ணிற விண்மீனின் ஆயுள் ஏறத்தாழ நூறு கோடி ஆண்டளவினது. நீல விண்மீன் சில கோடி ஆண்டுகளில் மறையும். சிவந்தது என்றும் இருக்கும். இடைப்பட்ட இவ்வெண்ணிறத்தவையே காலத்தைக் காட்டும் கடிகாரம். நீலமானவை மறைந்து வெண்மையானவை எஞ்சியிருப்பதால், கடந்த நூறு கோடி ஆண்டுக்குள்ளேதான் பிறப்பு நின்றிருக்க வேண்டும். அதுவும் சட்டென நின்றிருக்க வேண்டும். அடுப்பு அணைந்துவிட்டது, சாம்பலிலே சூடு ஆறவில்லை. அந்த வீட்டில் சற்று முன்வரை ஆட்கள் சமைத்திருந்தனர் என்று அயலார் அறிவது இவ்வாறே.

நீள்வட்டத்துக்குரிய ஆங்கில எழுத்தையும் வெண்ணிற விண்மீனின் எழுத்தையும் சேர்த்து இவற்றுக்கு 'ஈ-ஏ மண்டலங்கள்' என்று பெயரிட்டனர். அப்பெயர் நிலைத்துவிட்டதாயினும் பொருத்தமானதன்று. ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி 1990களில் இவற்றின் வடிவத்தைத் தெளிவாய்க் காட்டியபோது, பல நீள்வட்டங்களே அல்ல, தட்டுகள் என்று தெரியவந்தது. விஞ்ஞானத்திலும் ஊர்ப்பெயர் போலச் சில பெயர்கள் ஒட்டிக்கொள்கின்றன.

அவுஸ்திரேலியாவிலும் இதே முடிவு கிட்டிற்று. அங்குள்ள 3.9 மீற்றர்த் தொலைகாட்டியைக் கொண்டு வாரிக் கௌச்சும் ரே சார்ப்பிள்ஸும் மூன்று கொத்துகளை ஆராய்ந்து, 1987இல், அங்கும் அணைந்த அடுப்புகளைக் கண்டனர்.

இதுவரை கதை நேராகச் சென்றது. இனிச் சாட்சிகள் முரண்படத் தொடங்குகின்றனர். 1990களில் இரண்டு பெருங் குழுக்கள் இத்துறையில் இறங்கின. ஒன்று திரெசிலர் முதலானோர் சேர்ந்த மோர்ப்ஸ் குழு. ஹபிள் தொலைகாட்டிப் படங்களையும் தரையிலிருந்து எடுத்த நிறமாலைகளையும் இணைத்து, பத்துக் கொத்துகளை ஆராய்ந்தது. தூரத்துக் கொத்துகளின் நீல மண்டலங்கள் பெரும்பாலும் சுருள்களே என்பதை அவர்கள் கண்ணாற் கண்டனர். நீள்வட்டங்கள் அன்றும் இன்றைப்போலவே இருந்தன, குறைந்திருந்தவை வில்லைகள். எனவே காணாமற்போன சுருள்கள் வில்லைகளாய் மாறின என்பது இயல்பான ஊகம். அவர்கள் கணக்கில் ஐந்திலொரு பங்கு மண்டலங்கள் சாம்பற் சூட்டோடு இருந்தன. மற்றொன்று ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலையிலிருந்து ஆராய்ந்த கனடா நாட்டுக் குழு. அவர்களும் அதே காலத்துக் கொத்துகளையே பார்த்தனர். ஆனால் சாம்பற் சூடு உடையவை நூற்றுக்கு ஒரு சிலவே என்றனர். சட்டென அணைவது விதிவிலக்கு. மெல்ல மெல்ல அவிவதே வழமை என்பது அவர்கள் வாதம்.

இருவரும் நேர்மையானவர்; இருவர் கருவிகளும் நல்லவை. பின் ஏன் இம்முரண்? கனடியர் எக்சு கதிர்களால் அறியப்பட்ட, பெரிய, அமைதியடைந்த கொத்துகளைத் தெரிந்தெடுத்தனர். மற்றவர் ஒளித்தகடுகளிலும் வானொலி அலைகளிலும் கண்டவற்றைத் தெரிந்தெடுத்தனர். எத்தனை மங்கலான மண்டலம் வரை பார்ப்பது, கோடு எவ்வளவு ஆழமாயிருந்தால் ஏற்பது என்பவற்றிலும் வேற்றுமை இருந்தது. என் எண்ணத்தில், இந்தப் பிணக்கு வீணானதன்று. கொத்துகள் எல்லாம் ஒரே தன்மையின என்று எண்ணிய எண்ணத்தை அது உடைத்தது.

கொத்துக்குள்ளே அடுப்பை அணைப்பது யார்? ஐயத்துக்குரியோர் பலர், இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொத்தின் மண்டலங்களுக்கிடையே வெறுமை இல்லை. பல கோடி பாகை வெப்பமான மெல்லிய வாயு அங்கே நிறைந்திருக்கின்றது. எக்சு கதிர்களால் அது தெரியும். மண்டலமொன்று செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றர் அளவில் அதனூடே பாயும்போது எதிர்க்காற்று வீசும். காற்றே இல்லாத நாளிலும், துவிச்சக்கர வண்டியில் விரைந்து போகிறவரின் சால்வை பறப்பது போல, மண்டலத்தின் குளிர்ந்த வாயு பிய்த்தெறியப்படும். இதனை 1972இல் கன்னும் ரிச்சட் கொற்றும் கணக்கிட்டுச் சொன்னார்கள். அவ்வாறு வாயு வால்போல் நீண்டு தொங்கும் மண்டலங்கள் பல இன்று படம் பிடிக்கப்பட்டுள்ளன. சொறிமுட்டைபோல் தோன்றுவதால் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றன. மற்றைய வழி 1980இல் லார்சன், ரின்ஸ்லி, கால்டுவெல் ஆகியோர் சொன்னது. மண்டலம் தன்னைச் சூழ்ந்த வெளியிலிருந்து புதுவாயுவை உறிஞ்சிக்கொண்டே வாழ்கின்றது. கொத்துக்குள் வந்ததும் அவ்வரவு தடைப்படுகின்றது. ஊற்றுக்கண் அடைபட்ட கிணற்றில் உள்ள நீர் இறைக்கும் வரை இருக்கும், பின் வற்றும். முதலாவது வழியில் அடுப்பு விரைந்து அணையும். சாம்பற் சூடு நிறமாலையில் பதியும். இரண்டாவதில் நீண்ட காலம் எடுக்கும், அவ்வடையாளம் தெரியாது. ஐதரசனின் ஒரு கரிய கோட்டின் ஆழத்தைப் பற்றி அறிஞர் இவ்வளவு வாதிட்டது இதனாலேதான்.

இன்னும் தூரம் செல்ல வேண்டுமானால் ஒரு தடை உண்டு. கோடுகள் மேலும் சிவப்புப் பக்கம் நகர, நமது வளிமண்டலத்தின் மெல்லிய இரவொளி அவ்விடத்தில் மிகப் பிரகாசமாய்க் குறுக்கிடுகின்றது. தேடும் மண்டலமோ அவ்விரவொளியைவிடப் பன்மடங்கு மங்கலானது. இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். தொலைகாட்டியைச் சிறு நேரத்துக்கொருமுறை இம்மியளவு தலையசைக்கச் செய்து, மண்டலத்தையும் அருகிலுள்ள வெறும் வானையும் மாறிமாறிப் பார்ப்பது. அதற்கிசைய உணரியிற் சேர்ந்த மின்னேற்றத்தையும் மேலும் கீழுமாய் நகர்த்தி, இரண்டையும் தனித்தனியே சேமிப்பது. பின் ஒன்றிலிருந்து மற்றையதைக் கழிப்பது. உலோகத் தகட்டில் பல சிறு பிளவுகள் வெட்டி வைப்பதால், பல மண்டலங்களை ஒரே வேளையில் ஆராயவும் முடிந்தது. மங்கலானவற்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் ஒளி சேர்த்தார்கள். ஹியூமசனின் பொறுமை மறைந்துவிடவில்லை.

ஹவாயிலும் சிலியிலும் உள்ள ஜெமினி என்னும் 8.1 மீற்றர் இரட்டைத் தொலைகாட்டிகள் இவ்வாறு பயன்பட்டன. முதலில் பத்துக் கொத்துகளை ஆராய்ந்த ஜீகிளாஸ் ஆய்வு, சாம்பற் சூடு உடைய மண்டலங்கள் கொத்துக்குள்ளே வெளியைவிட மிகுதி என்று 2012இற் கண்டது. அதன்பின் 2014இல் அவை எங்கே நிற்கின்றன, எவ்வளவு விரைவாய்ச் செல்கின்றன என்று பார்த்தபோது, அவை கொத்தின் உட்பகுதியை முதன்முறையாக ஊடறுத்து, 50 கோடி ஆண்டுக்குள் அடுப்பு அணைந்தவை என்ற முடிவு கிடைத்தது. காற்றின்மேல் ஐயம் வலுத்தது.

அடுத்து வந்த கோகிரீன் ஆய்வு 21 கொத்துகளையும் கூட்டங்களையும் எடுத்துக்கொண்டது. அவற்றின் ஒளி புறப்பட்டு 800 கோடி ஆண்டு முதல் 900 கோடிக்கு மேற்பட்ட ஆண்டுகளாகின்றன. 2020இல் வெளியான அதன் முடிவுகள் வழக்கைத் திரும்பவும் குழப்பின. அணைந்த மண்டலங்களைப் பெரியவை, சிறியவை என்று நிறைப்படி வகுத்தபோது, கொத்துக்குள்ளேயும் வெளியேயும் அவ்வகுப்பின் வடிவம் ஒன்றாகவே இருந்தது. கொத்தின் சூழ்நிலை மட்டுமே காரணமானால், எளிதிற் பாதிக்கப்படும் சிறியவை அங்கு மிகுந்திருக்க வேண்டும், அவ்வாறில்லை. விண்மீன்களின் வயதைக் கணித்ததிலும், கொத்திலுள்ள முதிய மண்டலங்கள் வெளியிலுள்ளவற்றைவிட ஏறத்தாழ 30 கோடி ஆண்டே மூத்தவை. மூத்தவைதாம், ஆனால் சொற்பமே மூத்தவை. அக்காலத்துப் பெரிய மண்டலங்கள், கொத்து முழுமையாய்த் திரளுமுன்பே, தம் உள்ளே எழுந்த காரணங்களால், முன்கூட்டியே அணைந்துவிட்டன போலும்.

ஆக, பிறப்பா வளர்ப்பா என்ற வழக்கில் இரு பக்கத்துக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்; அந்தப் பங்கு காலத்தோடு மாறுகின்றது. 900 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரியவற்றைக் கொன்றது பெரும்பாலும் அவற்றின் பிறவிக்குணம். 500 கோடி ஆண்டுகளுக்கு முன், புச்சரும் ஓம்லரும் கண்ட நீலச் சுருள்களை அணைத்ததில் கொத்தின் காற்றுக்கும் அடைபட்ட ஊற்றுக்கும் கை உண்டு. இடையிலே அதிகாரம் எப்பொழுது கைமாறியது என்பதுதான் இன்று தேடப்படுவது.

அத்தேடலில் 2021இன் இறுதியில் விண்ணிற் செலுத்தப்பட்ட யேம்ஸ் வெப் தொலைகாட்டி சேர்ந்திருக்கின்றது. அதன் நிறமாலைக் கருவியில், ஒவ்வொன்றும் மயிரிழையளவு அகலமான, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் சிறு கதவுகள் உண்டு. வேண்டியவற்றை மட்டும் திறந்து, வேண்டிய மண்டலத்தின் ஒளியை மட்டும் உள்ளே விடலாம். 2023இல் அதனைக் கொண்டு, அண்டம் தோன்றி ஏறத்தாழ 65 கோடி ஆண்டுகளே ஆன காலத்தில், ஏழு மண்டலங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதை அறிந்தனர். கொத்தொன்று கருவாய் இருக்கும் நிலை அது. அவற்றின் நிறமாலைகளில் ஒளிக்கோடுகள் பளிச்சிடுகின்றன. அங்கே அடுப்புகள் எரிகின்றன. ஆனால் ஒளிக்கோட்டைக் கொண்டு தூரத்தை உறுதிசெய்தோர், ஒளிக்கோடு உடையவற்றையே கண்டறிந்திருப்பர் என்பதையும் மறத்தலாகாது. அவ்வேழின் நடுவே, கோடு எதுவும் இடாமல், ஏற்கனவே அணைந்துபோன எட்டாவது ஒன்று நிற்கின்றதா என்பதை அறிய, அதே திசையை இன்னும் பல மணித்தியாலம் நோக்க வேண்டும்.